வாசகர் கேள்வி – பதில்: மரியோவின் தாவல்

சென்ற இதழில் வீடியோ கேம்களின் வரலாறு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 1985-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்ற ஆட்டத்தை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு ஏராளமான கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஆட்டத்துக்கே ஒதுக்குகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய, கட்டம் கட்டமான படங்களைக் கொண்ட ஓர் ஆட்டத்தை இன்றைக்கும் உயர்த்திப் பேசுவதற்குப் பழைய நினைவுகளைத் தவிர வேறு காரணம் உண்டா?
– ஒரு வாசகர், சேலம்

பழைய நினைவுகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த ஆட்டம் வெளிவந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள்கூட இன்று அதைக் கையில் எடுத்தால் எளிதில் கீழே வைப்பதில்லை. அவர்களுக்கு அதில் எந்தப் பழைய நினைவும் கிடையாது. அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் படமும் அல்ல, கதையும் அல்ல, அதன் நாயகன் மரியோ தாவுகின்ற விதம்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முன்பு வந்த ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் தாவல் என்பது ஒரே அளவானது. பொத்தானை அழுத்தினால் உருவம் குறிப்பிட்ட உயரம் எழும்பிக் குறிப்பிட்ட இடத்தில் இறங்கும்; நடுவில் ஆடுபவர் செய்வதற்கு ஒன்றும் இராது. மரியோவில் பொத்தானை லேசாகத் தட்டினால் சிறிய தாவல், அழுத்திப் பிடித்தால் உயரமான தாவல். இதற்காக நிரலில் செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடு மிக எளிமையானது. மரியோ மேலெழும்பிக் கொண்டிருக்கும்போது பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும் வரையில் அவனைக் கீழே இழுக்கும் ஈர்ப்பு குறைவாக இருக்கும். விரலை எடுத்தவுடன் அந்த ஈர்ப்பு மூன்று மடங்குக்கும் மேலாகக் கூடிவிடும். ஓடி வந்து தாவினால் நின்று தாவுவதைக் காட்டிலும் உயரமாகவும் தூரமாகவும் செல்ல முடியும். ஓட்டத்தை நிறுத்த நினைத்தால் உடனே நிற்காமல் சற்று வழுக்கிச் சென்றே நிற்பான். இவற்றோடு, காற்றில் இருக்கும்போதே அவனை இடமோ வலமோ கொஞ்சம் திருப்பவும் முடியும். எந்த மனிதனாலும் அந்தரத்தில் அப்படித் திசைமாற இயலாது என்றாலும், ஆடுகின்ற கைக்கு அது முற்றிலும் இயல்பாகப் படுகிறது.

விரல் எவ்வளவு நேரம் அழுந்தியிருக்கிறது என்பதையும் அதற்கு முன் எவ்வளவு வேகம் சேர்ந்திருக்கிறது என்பதையும் வினாடிக்கு 60 முறை கணக்கில் எடுத்துக்கொண்டு பதில் சொல்கின்ற ஓர் உடலை அந்த ஆட்டம் நம் கையில் கொடுத்தது. படங்கள் பழையனவாகிவிடலாம், விரலுக்கும் திரைக்கும் இடையிலான அந்த உறவு பழையதாகவில்லை.

1990-களில் எங்கள் வீட்டுக்கு வாங்கிய டிவி கேமோடு எந்த விளக்கப் புத்தகமும் வரவில்லை. எனக்கும் தம்பிக்கும் அப்போது ஆங்கிலமும் தெரியாது. ஆயினும் யாரும் சொல்லித் தராமலேயே மரியோவை ஆடினோம். அது எப்படிச் சாத்தியமாயிற்று?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். முதல் லெவல் சொல்லித் தந்தது. அதை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அதற்காகவே அதன் ஒவ்வொரு பொருளையும் இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் உருவாக்கத்தில் அதைக் கடைசியாகவே செய்ததாக மியாமோட்டோ கூறியிருக்கிறார். ஆட்டத்தில் என்னென்ன இருக்கின்றன என்பது முழுவதும் தெரிந்த பிறகல்லவா அதற்கு முன்னுரை எழுத முடியும்?

அந்த லெவலின் முதல் அரை நிமிடத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மரியோ திரையின் இடப்பக்கம் வலப்புறம் பார்த்து நிற்கிறான். அவனுக்கு முன்னால் வெற்றிடம். வலப்பக்கம் போக வேண்டும் என்பது அதிலேயே விளங்கிவிடுகிறது. சில அடிகள் நடந்ததும் கேள்விக்குறி போட்ட ஒரு பெட்டி மின்னுகிறது, முறைத்த முகத்தோடு கூம்பா என்ற பழுப்பு நிற உருவம் எதிரே வருகிறது. அதில் மோதினால் ஓர் உயிர் போகும். ஆனால் அப்போதுதான் தொடங்கியிருப்பதால் இழப்பு சில வினாடிகள் மட்டுமே. இரண்டாம் முறை அதைத் தாண்டுவதற்காகத் தாவும்போது தலை பெட்டியில் இடிக்க, நாணயம் ஒன்று வெளிவருகிறது. தாவினால் நன்மை உண்டு என்ற பாடம் இப்படியாகச் சேர்கிறது.

அடுத்துச் செங்கல் வரிசையில் இருக்கும் கேள்விக்குறிப் பெட்டியிலிருந்து காளான் ஒன்று வெளியே வருகிறது. அது வலப்பக்கமாக நகர்ந்து, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதித் திரும்பி, நம்மை நோக்கி வருகிறது. சற்றுமுன் எதிரே வந்தது பகையாக இருந்ததால் இதையும் தாண்டிவிட முயல்கிறோம். ஆனால் தலைக்கு மேலே செங்கற்கள் இருக்கின்றன; அவற்றில் இடித்து நேராகக் காளானின் மேலேயே விழுகிறோம். மரியோ பெரியவன் ஆகிறான். காளான் நல்லது என்பதைத் தப்பிக்க நினைத்தவருக்கும் தெரிவித்தாக வேண்டும் என்பதற்காகவே அந்தக் குழாயும் அந்தச் செங்கற்களும் அந்த இடத்தில் இருக்கின்றன.

இதைவிட எனக்கு அதிகம் பிடித்தவை அதற்கடுத்த குழாய்கள். முதற்குழாய் குட்டை, இரண்டாவது அதைவிட உயரம், மூன்றாவது இன்னும் உயரம். பொத்தானை எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பதை விரல் அங்கேதான் அளந்து பழகுகிறது. லெவலின் பிற்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வருகின்றன. நடுவில் தரை இருக்கிறது, தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதையடுத்து அதே போன்ற இன்னொரு படிக்கட்டு இணை வருகிறது. இப்போது நடுவில் பள்ளம். ஒத்திகைக்கு ஒன்று, அரங்கேற்றத்துக்கு ஒன்று. ஓர் எழுத்துகூட இல்லாமல், படிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் என்ற வேறுபாடு இல்லாமல், தூத்துக்குடியில் இருந்த உங்களுக்கும் கியோட்டோவில் இருந்த ஒரு குழந்தைக்கும் ஒரே பாடம் ஒரே வரிசையில் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். 32 லெவல்களும் இசையும் படங்களும் அவ்வளவு சிறிய இடத்தில் எப்படி அடங்கின?
– கணினி அறிவியல் மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் பேராசிரியர் சொன்னது சரியே. அந்தக் கேசட்டில் நிரலுக்கும் லெவல்களுக்கும் இசைக்குமாக 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட். அது இயங்கிய ஃபேமிகாம் கருவியின் வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படமே அந்த முழு ஆட்டத்தைப் போல் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

படங்கள் 8 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் கொண்ட சிறு வில்லைகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. மொத்தம் 512 வில்லைகள். அவற்றை எத்தனை விதமாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியும் என்பதில்தான் அந்தக் குழுவின் திறமை வெளிப்பட்டது. வானத்தில் மிதக்கும் மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள்: இரண்டும் ஒரே படம், வண்ணம் மட்டும் வேறு. நட்சத்திரத்துக்குப் பாதிப் படம்தான் உண்டு; மறுபாதி கண்ணாடிப் பிம்பமாக வரையப்படுகிறது. கூம்பாவின் கதை இன்னும் சுவையானது. முதல் எதிரியாக ஆமையே வருவது புதியவர்களுக்குக் கடினமாக இருக்கிறது என்பது வேலை முடியும் தறுவாயில்தான் தெரியவந்தது. எளிதான எதிரி ஒன்று தேவைப்பட்டபோது நினைவகம் ஏறக்குறைய நிரம்பிவிட்டிருந்தது. எனவே ஒரே ஒரு படத்தை வரைந்து, அதை இடமும் வலமும் மாற்றி மாற்றித் திருப்பிக் காட்டினார்கள். அதைத்தான் நாம் கூம்பா நடப்பதாகப் பார்க்கிறோம்.

லெவல்களை வரைகட்டத் தாளில் வரைந்து, திருத்தங்களை மேலே வைத்த ஊடுதாளில் குறித்து, நிரலாளர் தோஷிஹிகோ நகாகோவின் குழுவிடம் கொடுத்தார்கள். அவை ஒவ்வொரு கட்டமாகச் சேமிக்கப்படவில்லை. 'இந்த இடத்தில் இவ்வளவு உயரத்தில் ஒரு குழாய்', 'இந்த இடத்தில் இத்தனை செங்கற்களின் வரிசை' என்பது போன்ற குறிப்புகளாக, பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டு பைட் வீதம் எழுதப்பட்டன. திரை நகர நகர அந்தக் குறிப்புகளைப் படித்துக் கருவி உலகத்தைக் கட்டிக்கொண்டே செல்கிறது. சில லெவல்கள் இரண்டு முறையும் வருகின்றன. 1-3 என்ற லெவலின், அதாவது முதல் உலகத்தின் மூன்றாம் லெவலின், அமைப்பே சில கடுமைகளோடு 5-3 ஆகத் திரும்புகிறது. 2-2 என்ற நீருக்கடி லெவல் 7-2 ஆகத் திரும்புகிறது. ஆடும்போது இதைக் கவனித்தவர்கள் குறைவு. முதல் முறை ஆடியபோது இருந்ததைவிட உங்கள் கை தேறியிருப்பதும், எதிரிகள் பெருகியிருப்பதும் அந்த இடத்தைப் புதிதாக்கிவிடுகின்றன.

இடநெருக்கடி ஆட்டத்தை மெலிய வைத்ததாக நான் கருதவில்லை. சில பொருள்களையே வைத்துக்கொண்டு அவற்றின் சேர்க்கையை மாற்றி மாற்றிப் புதிய சூழல்களை உண்டாக்கும் முறை அந்த நெருக்கடியிலிருந்துதான் பிறந்தது. இன்று எண்ணற்ற இடம் கையில் இருக்கும்போதும் நல்ல வடிவமைப்பாளர்கள் அதே முறையைக் கைக்கொள்கிறார்கள்.

பிளாட்ஃபார்ம் ஆட்டங்களில் முதலாவது இதுதானா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

இல்லை. உருவம் ஒன்று மேடைகளில் ஏறியும் தாவியும் முன்னேறும் ஆட்டங்கள் இதற்கு முன்பே வந்துவிட்டன. 1980-இல் வந்த 'ஸ்பேஸ் பேனிக்' ஆட்டத்தில் மேடைகளும் ஏணிகளும் இருந்தன, தாவல் இல்லை. 1981-இல் மியாமோட்டோ வடிவமைத்த 'டாங்கி காங்' தாவலைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் விற்காமல் தேங்கிக் கிடந்த 'ரேடார் ஸ்கோப்' என்ற ஆட்டத்தின் எந்திரங்களைப் பயன்படுத்திக்கொள்வதற்காக உருவான ஆட்டம் அது. உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி மேலேறும் அந்தத் தச்சன்தான் பின்னாளில் மரியோ ஆனான். நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்த மரியோ செகாலே என்பவரின் பெயர் அவனுக்கு வந்தது. தலைமுடியை வரைவது கடினமாக இருந்ததால் தொப்பி, சில புள்ளிகளுக்குள் வாயைக் காட்ட இயலாததால் மீசை, கை வீசுவது தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேலங்கி. 1983-இன் 'மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் அவன் குழாய்ப் பணியாளனாகி, லூயிஜி என்ற தம்பியையும் பெற்றான்.

1982-இல் டேவிட் கிரேன் உருவாக்கிய 'பிட்ஃபால்' காட்டுக்குள் திரை திரையாக ஓட வைத்தது. 1984-இல் நாம்கோவின் 'பேக்-லேண்ட்' திரையைப் பக்கவாட்டில் தொடர்ந்து நகர்த்தியது. ஆகவே தாவலோ, நகரும் திரையோ, மேடையோ மரியோவின் கண்டுபிடிப்பு அல்ல. இவை அனைத்தையும் ஒரே உடலின் இயக்கத்துக்குள் பொருத்தி, அந்த உடலுக்கு ஏற்றவாறு உலகத்தை அளந்து கட்டியதுதான் 1985 செப்டம்பர் 13 அன்று வெளியான ஆட்டம் செய்த வேலை.

மரியோவின் இசையை அமெரிக்க அரசு நூலகம் பாதுகாக்கிறதாமே?
– இசை ஆசிரியர், மதுரை

ஆம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2023-இல் அந்த முதற்பாட்டு சேர்க்கப்பட்டது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் வீடியோ கேம் இசை அது. இசையமைத்தவர் கோஜி கோண்டோ. மெட்டுக்கு இரண்டு குரல், கீழ்ச் சுருதிக்கு ஒரு குரல், தாளத்துக்கு இரைச்சல் போன்ற ஓர் ஒலி என ஏறக்குறைய அவ்வளவே அவர் கையில் இருந்த வசதி. நிதானமாக உலவுவதற்கு ஏற்ற மெட்டு ஒன்றை முதலில் அமைத்த அவர், ஆட்டத்தை ஆடிப் பார்த்தபோது மரியோவின் ஓட்டத்தோடு அது ஒட்டவில்லை என்று அதைக் கைவிட்டுப் புதிதாக அமைத்தார். நீருக்கடி லெவலில் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் மெட்டு மிதக்கிறது. நேரம் 100-க்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு வேகமெடுத்து நெஞ்சைப் படபடக்க வைக்கிறது.

இசை ஆசிரியர் என்பதால் இதையும் கேட்டுப் பாருங்கள். சிறிய மரியோ தாவும் ஒலியின் சுருதி கூடுதல், பெரிய மரியோவினுடையது குறைவு. அந்தத் தாவல் ஒலி எழும்போது பின்னணி இசையின் ஒரு குரல் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி, ஒலி முடிந்ததும் மீண்டும் வந்து சேர்ந்துகொள்கிறது. குரல்கள் போதாமையால் நேர்ந்த ஏற்பாடுதான். ஆனாலும் ஆடுபவரின் விரலும் அந்த இசையில் ஒரு வாத்தியமாகிவிடுகிறது.

கொடிக்கம்பத்தில் இறங்கிய பிறகு சில சமயம் மட்டும் வாணவேடிக்கை வருவது ஏன்? 'மைனஸ் உலகம்' என்று ஒன்று உண்மையிலேயே உண்டா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

லெவலின் முடிவிலுள்ள கம்பத்தைத் தொடும்போது மீதமுள்ள நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3 அல்லது 6 ஆக இருந்தால் அத்தனை வெடிகள் வெடிக்கும்.

மைனஸ் உலகம் உண்மை. 1-2 லெவலின் முடிவில் சுவருக்குள் புகுந்து, அப்பாலுள்ள குறுக்குவழி அறைக்கு உரிய தகவல் சரியாக ஏற்றப்படும் முன்பே குழாய்க்குள் இறங்கிவிட்டால், ஆட்டம் நம்மை 36-ஆம் உலகத்துக்கு அனுப்புகிறது. எழுத்து வில்லைகளில் 0 முதல் 9 வரை இலக்கங்கள், அவற்றையடுத்து 26 ஆங்கில எழுத்துகள் என 36 இடங்கள் நிரம்பியிருக்க, 36 என்ற எண்ணுக்குரிய வில்லை வெற்றிடம். ஆகவே உலக எண் இருக்க வேண்டிய இடம் காலியாகி, '-1' என்பது மட்டும் திரையில் தெரிகிறது. கேசட் வடிவத்தில் அது முடிவே இல்லாத ஒரு நீருக்கடி லெவல். கடைசிக் குழாய்க்குள் நுழைந்தால் தொடக்கத்துக்கே திரும்பிவிடுவோம். இதைப் போன்றதே உயிர்களின் கணக்கும். 3-1 லெவலின் படிக்கட்டில் ஆமை ஓட்டின் மேல் குதித்துக்கொண்டே இருந்து உயிர்களைப் பெருக்கலாம். ஆனால் எண்ணிக்கை 127-ஐத் தாண்டினால் கருவி அதை எதிர்ம எண்ணாகப் படிப்பதால், அடுத்த முறை விழுந்ததும் ஆட்டமே முடிந்துவிடும்.

பிற்கால ஆட்டங்களில் மரியோவின் செல்வாக்கை எங்கே காணலாம்? வணிக வெற்றியைச் சொல்லாமல், வடிவமைப்பில் நேரடியாகத் தெரியும் செல்வாக்கைச் சொல்லுங்கள்.
– ஆட்ட வடிவமைப்பு பயிலும் மாணவர், சென்னை

வணிகத்தைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும்: 1983-இன் சரிவுக்குப் பின் அமெரிக்கக் கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே ஒதுங்கியிருந்த நிலையில் அந்தத் தொழில் மீண்டெழுந்ததிலும், இந்த ஆட்டம் 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றதிலும் செல்வாக்கின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

வடிவமைப்புக்கு வருவோம். ஐபிஎம் வகைக் கணினிகளில் பக்கவாட்டில் சீராக நகரும் திரை 1990 வரை எட்டாக்கனியாக இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கார்மேக், திரை முழுவதையும் மறுபடி வரையாமல் மாறிய பகுதிகளை மட்டும் வரையும் முறையைக் கண்டார். அதன் வலிமையைக் காட்ட அவரும் டாம் ஹாலும் ஒரே இரவில் செய்தது, 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3' ஆட்டத்தின் முதல் லெவலை அப்படியே கணினியில் உருவாக்கியதுதான். மரியோவின் இடத்தில் அவர்கள் வைத்த உருவம், சக பணியாளர் ஜான் ரொமேரோவின் 'டேஞ்சரஸ் டேவ்'. தமிழ்நாட்டில் பள்ளிக் கணினி அறையில் ஆசிரியர் பார்க்காத நேரத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த டேவைத் தாவ வைத்தவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். நீங்கள் ஆடியதே மரியோவின் தாக்கத்தில் பிறந்த ஆட்டம்தான். கணினிக்கு மரியோவைத் தர நிண்டெண்டோ இசையாததால், அந்தக் குழு 'கமாண்டர் கீன்' என்ற சொந்த ஆட்டத்தை வெளியிட்டு, ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கி, 1993-இல் 'டூம்' வரை சென்றது.

1991-இன் 'சோனிக்' வேறொரு திசையில் பிறந்தது. அதன் நிரலாளர் யூஜி நாக்கா, மரியோவின் முதல் லெவலை எவ்வளவு விரைவாக முடிக்கலாம் என்று திரும்பத் திரும்ப ஆடிய அனுபவத்திலிருந்து வேகத்தையே மையமாக்கினார். 1996-இல் மியாமோட்டோவின் குழு 'சூப்பர் மரியோ 64' மூலம் முப்பரிமாணத்துக்குச் சென்றபோது, லெவல்களைக் கட்டும் முன்பே மரியோ ஓடுவதையும் திரும்புவதையும் தாவுவதையும் தனியாகச் செப்பனிட்டார்கள். உடல் முதலில், உலகம் பிறகு என்ற 1985-இன் ஒழுங்கு அங்கும் மாறவில்லை.

உங்களைப் போன்ற மாணவர் அருகில் வைத்து ஆராய வேண்டிய ஆட்டம் 2018-இன் 'செலஸ்ட்' என்பேன். அதிலும் பொத்தானைப் பிடித்திருந்தால் தாவலின் உச்சியில் ஈர்ப்பு பாதியாகக் குறைகிறது. பாறையின் விளிம்பைத் தாண்டிச் சில நொடித்துளிகள் ஆன பிறகு தாவினாலும் ஆட்டம் அதை மன்னித்து ஏற்றுக்கொள்கிறது. ஆடுபவரின் எண்ணத்துக்கு உடல் ஒத்துழைக்க வேண்டும் என்ற கொள்கை அங்கே இன்னும் நுணுக்கமாகியிருக்கிறது. 2008-இன் 'பிரெய்டு', கடத்தப்பட்ட இளவரசியைத் தேடிக் கோட்டையை வென்றதும், அவள் வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்று தெரியவரும் மரியோவின் புகழ்பெற்ற ஏமாற்றத்தையே எடுத்து, அவளை மீட்கப் போகிறவனைக் கேள்விக்கு உள்ளாக்கியது.

செல்வாக்கு எப்போதும் நன்மையே செய்தது என்று சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் ஓடித் தாவினால் போதும் என்று எண்ணி, தாவலின் எடையைக் கவனிக்காமல் செய்யப்பட்ட ஆட்டங்கள் ஏராளம். நிண்டெண்டோவே 1986-இல் ஜப்பானில் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் நச்சுக் காளானையும், தாவலைக் குலைக்கும் காற்றையும் வைத்துக் கடுமையைக் கூட்டியது. முதல் பாகம் சிரமப்பட்டுச் சம்பாதித்த நம்பிக்கையை அது செலவழித்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். அதன் அமெரிக்கக் கிளை அதை ஏற்காமல், 1988-இல் வேறோர் ஆட்டத்தை மாற்றியமைத்து இரண்டாம் பாகமாக வெளியிட்டது.

இளவரசி காப்பாற்றப்படுவதற்காக மட்டுமே காத்திருக்கும் கதையை என் மாணவிகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?
– ஓர் ஆசிரியை, விழுப்புரம்

குறை நியாயமானது, முதல் ஆட்டத்தில் அவளுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. இப்போது சொன்ன 1988-இன் ஆட்டத்திலேயே இளவரசியை நாமே இயக்கலாம். தாவிய பின் சற்று நேரம் காற்றில் மிதக்கும் அவளுடைய ஆற்றலால் புதியவர்கள் பலர் அவளையே தேர்ந்தெடுத்தார்கள். 2024-இல் அவளையே நாயகியாகக் கொண்ட தனி ஆட்டமும் வந்தது. இரண்டையும் சேர்த்துக் காட்டி, மாணவிகளையே பேச விடுங்கள்.

இந்த ஆட்டத்தை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள் என்பதை நம்ப முடியவில்லை.
– ஒரு வாசகர், கோலாலம்பூர்

நம்பலாம். குறுக்குவழிக் குழாய்களால் 32 லெவல்களில் எட்டை மட்டும் ஆடி முடிக்க முடியும். நான்கு நிமிடம் 55 வினாடி என்ற எல்லையும் 2021-இல் கடக்கப்பட்டது. லெவல் முடிந்துவிட்டதா என்பதை ஆட்டம் 21 படச்சட்டங்களுக்கு ஒருமுறை, அதாவது 0.35 வினாடிக்கு ஒருமுறைதான் சோதிக்கிறது. எனவே ஒரு லெவலில் அதற்கும் குறைவான நேரத்தை மிச்சப்படுத்தினால் பயன் இராது. இந்த நுணுக்கங்களையெல்லாம் நிண்டெண்டோ வெளியிடவில்லை, ஆடியவர்களே நிரலைப் பிரித்துப் படித்துக் கண்டறிந்தார்கள்.

பரணில் மரியோ இருக்கும் '99999 இன் 1' கேசட் ஒன்று கிடைத்தது. பழைய மரியோ கேசட் கோடிக்கணக்கில் விலைபோகிறதாமே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

2021-இல் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் ஏலத்தில் 6,60,000 டாலருக்கு விலைபோனது, உறை பிரிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்ட தொடக்க காலப் பிரதி. உங்களிடம் இருப்பது ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் கருவிகளோடு நம் ஊர்க் கடைகளில் விற்ற கேசட்; அதற்குச் சந்தை மதிப்பு பெரிதாக இல்லை. அதில் எண்ணிக்கையும் உண்மையன்று, சில ஆட்டங்களே தொடக்க லெவலை மாற்றித் திரும்பத் திரும்ப வரும். ஆனால் இந்தியாவில் மரியோவைப் பெரும்பாலோர் சந்தித்தது அந்தக் கேசட்டுகளின் வழியாகத்தான் என்பதால், அதை எறிந்துவிடாதீர்கள்.

ஏழு வயது மகளுக்கு இதை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். எங்கே கிடைக்கும்? அவளுக்குக் கடினமாக இருக்குமா?
– ஒரு தாய், திருச்சி

நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவி இருந்தால், அதன் சந்தா சேவையில் உள்ள பழைய ஆட்டங்களின் தொகுப்பில் அசல் ஆட்டமே கிடைக்கிறது. கருவி இல்லையென்றால் செல்பேசியில் 'சூப்பர் மரியோ ரன்' இருக்கிறது. சில லெவல்கள் இலவசம். அதில் மரியோ தானாகவே ஓடுவான், தாவலை மட்டும் விரல் பார்த்துக்கொள்ளும். பொத்தான்கள் உள்ள கருவி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். தொடுதிரையில் விரலுக்கு அழுத்தத்தின் உணர்வு கிடைப்பதில்லை.

கடினமாகத்தான் இருக்கும். எட்டாம் உலகம் பெரியவர்களையே திணற வைப்பது. அவள் முதல் உலகத்தின் நான்கு லெவல்களோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை. நீருக்கடி லெவல்களில் அவள் சலித்துக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம். தாவலே இல்லாத அவைதான் ஆட்டத்தின் பலவீனமான பகுதி என்பது என் எண்ணம். முதல் கூம்பாவில் மோதி அவள் உயிரிழக்கும்போது, 'தாவு' என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அடுத்த முறை அவளாகவே தாவுவாள்.